பைரகாந்தா: தீமுள்ளா, தழல்முள்ளியா?

என்றும் பசுமையாக இருக்கும் சிறு இலைகள், கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூக்கள், இலையுதிர் காலத்தில் கிளையையே மறைத்துக் காய்த்துக் குலுங்கும் ஆரஞ்சு, சிவப்பு, மஞ்சள் பழங்கள். அதுதான் பைரகாந்தா. ஆசைப்பட்டுக் கையை நீட்டினால் முள் பதம் பார்த்துவிடும். அழகுக்கு அழகு, காவலுக்குக் காவல் என்று வேலியோரத்தில் இதை வைப்பவர்கள் அதனால்தான் அதிகம்.

பெயரில் 'காந்தா' வருவதால் நம் காந்தள் பூவோடு சொந்தம் இருக்குமோ என்று தோன்றும். காதலியைக் குறிக்கும் 'காந்தா' என்ற வடசொல்லும் நினைவுக்கு வரும். இரண்டோடும் இதற்குத் தொடர்பில்லை. சொல் கிரேக்கம்: 'பூர்' என்றால் நெருப்பு, 'அகாந்தா' என்றால் முள். ஆகவே பைர் + அகாந்தா என்றுதான் பிரிக்க வேண்டும்.

தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இதை மெஸ்பிலஸ் என்ற பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுதியில்) சேர்த்து 'மெஸ்பிலஸ் பைரகாந்தா' என்றார். 1847இல் ரோமர் என்ற தாவரவியலாளர் இதைத் தனிப் பேரினமாகப் பிரித்தார். தெற்கு ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் வளரும் இனத்தின் அறிவியல் பெயரில் இரண்டாம் சொல் 'காக்சினியா', அதாவது பளிச்சென்ற சிவப்பு. இமயமலைப் பகுதியில் இன்னொரு இனம் இருக்கிறது. உத்தராகண்டின் குமாவுன் பகுதி மக்கள் அதை கிங்காரு என்கிறார்கள்.

ஆங்கிலத்தில் ஃபயர்தார்ன், ஜெர்மனில் ஃபாயர்டோர்ன். இரண்டுமே கிரேக்கச் சொல்லின் நேர் பெயர்ப்பு. பிரெஞ்சுக்காரர்கள் முள்ளை விட்டுவிட்டு 'எரியும் புதர்' என்றார்கள். விவிலியத்தில் மோசே கண்ட, தீப்பற்றியும் கருகாத புதர்தான் அந்தப் பெயருக்குப் பின்னால் நிற்கிறது. என்னைக் கேட்டால் பொருத்தமான பெயர் அதுதான். இந்தச் செடியில் நெருப்பாகத் தெரிவது பழம். முள்ளுக்கும் தீக்கும் என்ன சம்பந்தம்?

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'தீமுள்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிடலாம். ஆனால் தீமை, தீவினை, தீச்செயல் என்று பழகிய காதில் அது 'கெட்ட முள்' என்றும் விழும். 'நெருப்புமுள்' என்றால் அந்தக் குழப்பம் இல்லை, ஆனால் செடியைவிட முள்தான் முன்னால் நிற்கிறது.

முள்ளுள்ள செடிக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு வாய்ப்பாடு இருக்கிறது: முள்ளி. நீர்முள்ளி, செம்முள்ளி, கழுதைமுள்ளி, கறிமுள்ளி. இதில் ஒரு வேடிக்கை: முதல் மூன்றும் சேர்ந்த தாவரக் குடும்பத்தின் பெயர் அகாந்தேசியே. அதே 'அகாந்தா'தான்! கிரேக்கர் முள்ளை வைத்துப் பெயரிட்டதுபோலவே நம்மவர்களும் பெயரிட்டிருக்கிறார்கள். பைரகாந்தா அந்தக் குடும்பமில்லை, ரோஜாக் குடும்பம். கறிமுள்ளியும் வேறு குடும்பம்தானே. முள்ளி என்பது குடும்பம் பார்த்து வைத்த பெயரில்லை.

அந்த வாய்ப்பாட்டில் 'தழல்முள்ளி' என்பது என் தேர்வு. தழல் என்பது கனிந்து சிவந்த நெருப்பு. பழத்தின் நிறமும் அதுதான். இலக்கணப்படி, சொல் + மாலை 'சொன்மாலை' ஆவதுபோல 'தழன்முள்ளி' என்று புணர வேண்டும். தாவரப் பெயரில் பிரித்து எழுதுவதே படிக்க எளிது என்பதால் லகரத்தை அப்படியே விட்டிருக்கிறேன்.

அப்புறம் அந்தப் பழம். பேச்சுவழக்கில் பெர்ரி என்றாலும் தாவரவியல் கணக்கில் அது ஆப்பிள் வகைக் கனி. பட்டாணி அளவு ஆப்பிளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உள்ளே ஐந்து சிறு கொட்டைகள். அதனால் 'தழல்முள்ளிப் பழம்' என்றால் போதும், பெர்ரி வேண்டாம்.

பெயரை வேறு செடிக்கு வைத்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். கோட்டோனியாஸ்டர் பார்க்க இதுபோலவே இருக்கும், ஆனால் அதற்கு முள் கிடையாது. ஹாதார்னுக்கு முள் உண்டு, ஆனால் பெரும்பாலும் குளிர்காலத்தில் இலையை உதிர்த்துவிடும்.