‘பேய் விளம்பரம்’ என்று எழுதாதீர்கள்

பழைய கட்டடச் சுவர்களில் நிறம் மங்கி நிற்கும் விளம்பரங்களைப் பற்றிய ஒரு கட்டுரையில் ‘பேய் விளம்பரங்கள்’ என்று படித்தேன். இது மூன்றாவது முறை. முதல் முறை சிரித்தேன்.

ஆங்கிலத்தில் கோஸ்ட் சைன் என்கிறார்கள். கோஸ்ட் என்பதன் பழைய வடிவத்துக்கு மூச்சு, உயிர், ஆவி என்று பொருள். ஜெர்மன் மொழியின் கைஸ்ட் அதற்கு உறவு. பிறகு இறந்தவரின் உருவத்தைக் குறித்து, மங்கலாகத் தெரிவதற்கெல்லாம் அடைமொழியானது. சைன் என்றால் இங்கே பெயர்ப்பலகை, விளம்பர எழுத்து. ‘பேய்க்குறி’ என்று எழுதியவர் அதையும் கோட்டைவிட்டார்.

தமிழில் ‘பேய்’ அடைமொழியாக வந்தால் மங்கலைக் குறிப்பதில்லை. பேய்மழை தூறலா? பேய்க்காற்று தென்றலா? பேய்ச்சுரையும் பேய்ப்புடலும் வாயில் வைக்க முடியாமல் கசப்பவை. ஆக, ‘பேய் விளம்பரம்’ என்றால் கண்மண் தெரியாத விளம்பரம் அல்லது கசக்கும் விளம்பரம். இரண்டுக்கும் இன்று பஞ்சமில்லை, ஆனால் நாம் பேசுவது அவற்றைப் பற்றியல்ல. ‘கானலுக்குப் பேய்த்தேர் என்று பெயர் இல்லையா?’ என்று மடக்குவார்கள். உண்டு, அழகான சொல்தான். ஆனால் பேய்த்தேர் இல்லாத நீரைக் காட்டும். சுவரில் எழுத்து உண்மையாகவே இருக்கிறது. அது விற்ற பொருள்தான் போய்விட்டது.

அந்த எழுத்து இத்தனை காலம் நின்றதற்கு ஈயம் காரணம். ஈய வெள்ளையை ஆளிவிதை எண்ணெயில் குழைத்த பழைய பெயின்ட் செங்கல்லை இறுகப் பற்றிக்கொண்டது. மழையில் நனைந்தால் எழுத்து துலங்கும். பக்கத்துக் கட்டடத்தை இடித்தால், வெயில் படாமல் ஒளிந்திருந்த விளம்பரம் திடீரென்று வெளிப்படும். சில சுவர்களில் இரண்டு காலத்து எழுத்துகள் ஒன்றினூடே ஒன்று தெரியும். அப்படியொரு சுவரில் விளம்பரமாக நிற்கும் சோப்பை நான் ஒருநாளும் தேய்த்துக் குளித்ததில்லை. ஆனாலும் அந்தப் பாதி எழுத்தைப் பார்த்தால் எதையோ தொலைத்ததுபோல நின்றுவிடுகிறேன்.

‘எச்ச விளம்பரம்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். இலக்கணப்படி குறையில்லை. ஆனால் சுவரில் எச்சம் என்றால் எனக்குக் காக்கைதான் நினைவுக்கு வருகிறது. ‘தொல்விளம்பரம்’ என்பது ஐம்பது ஆண்டுப் பழமைக்கு அதிகம்.

நான் ‘சுவட்டெழுத்து’ என்பேன். நடந்தவர் போனபின் மண்ணில் நிற்பது சுவடு. விற்றவர் போனபின் சுவரில் நிற்பது இது. படம் மட்டும் எஞ்சியிருந்தால் ‘சுவட்டோவியம்’ எனலாம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக் கார்ட்டர்ஸ்வில்லில் 1894இல் எழுதிய கோகா-கோலா விளம்பரத்தைப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். பளிச்சென்றிருக்கும் அதைச் சுவடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியின் முதல் வரியோடு நின்றுவிடுவதால் வரும் வினை இது. திரைமறைவில் இருந்து பிறருக்கு எழுதிக் கொடுப்பவரையும் ‘பேய் எழுத்தாளர்’ ஆக்கியிருக்கிறார்கள். பாவம், அவர் உயிரோடு இருக்கிறார்.