கீழ் கோர்ட் இல்லைங்க, விசாரணை நீதிமன்றம்

"கீழ் கோர்ட் தீர்ப்பை ஹைகோர்ட் ரத்து பண்ணிடுச்சு"ன்னு டிவிக்காரங்களும் சொல்றாங்க, தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையிலயும் அதேதான் பேச்சு. கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு.

முதல்ல கேஸ விசாரிக்கிற கோர்ட்டுக்கு இங்கிலீஷ்ல ட்ரையல் கோர்ட்னு பேரு. ட்ரையல்ங்கிறது பழைய பிரெஞ்சுச் சொல்லுல இருந்து வந்தது, சலிச்சுப் பிரிக்கிறதுன்னு அர்த்தம். சாட்சியைக் கேட்டு நிஜம் எது பொய் எதுன்னு பிரிக்கிற எடம், அதனால விசாரணை நீதிமன்றம். அப்பீலுக்கு மேல்முறையீடு, நல்ல சொல்லு, அதுல எனக்குச் சண்டை இல்ல.

சண்டையெல்லாம் இந்த கீழ், கீழமைங்கிறதுலதான். அரசியல் சட்டத்துல சபார்டினேட்னு இருக்கு, அதைத்தானே தமிழ்ல சொல்றோம்னு வாதம் பண்றாங்க. அது ஹைகோர்ட் நிர்வாகத்துக்கு உட்பட்டதுன்னு சொல்ற வார்த்தைங்க, அந்த கோர்ட் செய்யிற வேலைய சொல்லல. நம்ம ஊரு செஷன்ஸ் கோர்ட்டையே பாருங்க, கொலை கேஸ்ல அதுதான் விசாரணை கோர்ட், மாஜிஸ்ட்ரேட் தீர்ப்பு மேல அப்பீல் வந்தா அதே கோர்ட் மேல்முறையீட்டு கோர்ட், இதுல எதைக் கீழ்னு சொல்லுவீங்க?

வாச்சாத்தி கேஸ எடுத்துக்கங்க. 1992 ஜூன்ல வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறைக்காரங்க அந்தப் பழங்குடி கிராமத்துல நடத்துன கொடுமைக்கு 2011 செப்டம்பர் 29-ல 269 பேரும் குற்றவாளிங்கன்னு தீர்ப்பு சொன்னது தர்மபுரி செஷன்ஸ் கோர்ட். அதுல 54 பேரு அதுக்குள்ள செத்தே போயிட்டாங்க. பாதிக்கப்பட்ட பொம்பளைங்க கூண்டுல ஏறி, எதிர்த்தரப்பு வக்கீலோட குறுக்கு விசாரணைய தாங்கி நின்னது விசாரணை கோர்ட்லதான். அப்பீல் கோர்ட் பெரும்பாலும் அந்த சாட்சியம் பதிவான பேப்பரைப் படிச்சுத்தான் முடிவு பண்ணும். வாச்சாத்தியில ஹைகோர்ட் நீதிபதி ஊருக்கே நேர்ல போயி பாத்தாரு, அது அபூர்வம், அப்புறம் 2023 செப்டம்பர் 29-ல அப்பீலைத் தள்ளுபடி பண்ணாரு. அத்தனை பேரு அழுகையையும் நேர்ல கேட்ட எடத்தைப் போயி கீழ்னு சொல்ல எப்படிங்க மனசு வருது?

2024 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட்டே லோயர் கோர்ட்னு எழுதாதீங்க, ட்ரையல் கோர்ட்னு எழுதுங்கன்னு தன்னோட பதிவுத்துறைக்குச் சொல்லிடுச்சு. நம்ம மொழிபெயர்ப்பாளருங்க காதுல மட்டும் அது விழல. இதுல இன்னொரு கூத்து, சாதாரண அப்பீலுக்கெல்லாம் "மறுவிசாரணை"ன்னு எழுதுறாங்க. மறுவிசாரணைன்னா அப்பீல் கோர்ட் பழைய தீர்ப்பை ரத்து பண்ணி, திரும்ப நடத்துன்னு விசாரணை கோர்ட்டுக்கே கேஸ அனுப்புறது. இதைப் படிச்சுட்டு, அப்பீல் போட்டா சாட்சியெல்லாம் மறுபடி கூப்பிடுவாங்கன்னு நம்பி வக்கீல் ஆபீஸ் வாசல்ல எத்தனை பேரு வந்து நிக்கிறாங்க தெரியுமா?