முதலில் தந்தியைத் தளர்த்துங்கள்

போன மழைக்காலத்தில் பெரம்பூரிலிருந்து ஒரு தம்பி என் பட்டறைக்கு ஒரு கிட்டாரைக் கொண்டுவந்தார். ரயில்வே காலனிப் பக்கம் இருந்த ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் வீட்டைக் காலி செய்தபோது அவருக்குக் கிடைத்தது. பல வருடம் பரணில் கிடந்திருக்கிறது. பெட்டியைத் திறந்ததும் எனக்கு மனசு படபடத்தது. உள்ளே 1970-களின் ஓவேஷன் கம்பெனி கிட்டார் ஒன்று, தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்போடு.

முன்பக்கப் பலகையில், தந்திகளின் கீழ்முனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜுக்குக் கீழே ஒரு நூல் கனத்துக்கு வெடிப்பு. அதன் ஒரு முனையில் யாரோ எபாக்ஸி பசையை அப்பியிருந்தார்கள். ஆம்ப்பில் சொருகினால் இரைச்சல் மட்டும்தான் வருகிறதாம். தம்பி வரும் வழியிலேயே இரண்டு இடத்தில் யோசனை கேட்டுவிட்டு வந்திருந்தார். "அண்ணா, டாப்பை முழுசா தேய்ச்சுப் புது வார்னிஷ் அடிச்சிடலாம், பக்கவாட்டுல ஓட்டை போட்டுப் புது ப்ரீஆம்ப் வெச்சிடலாம்னு சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?" (ப்ரீஆம்ப் என்பது பிக்கப்பிலிருந்து வரும் மெல்லிய சைகையைப் பெருக்கும் சின்னச் சர்க்யூட்.)

நான் பதில் சொல்லாமல் முதலில் ஆறு தந்திகளையும் தளர்த்தினேன். பழைய கிட்டார் கையில் கிடைத்தால் நீங்களும் செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான். சாதாரண ஸ்டீல் தந்தி செட் ஒன்றை முழுச் சுருதிக்கு ஏற்றினால் ஏறக்குறைய 70 கிலோ இழுவிசை. 3 மில்லிமீட்டர்கூட இருக்காத ஒரு பலகை அதை இரவும் பகலும் தாங்கிக்கொண்டிருக்கிறது. பசை தளர்ந்து, உள்ளே இருக்கும் தாங்குசட்டம் ஏதாவது விட்டுப்போயிருந்தால், "சத்தம் எப்படி இருக்கிறது பார்ப்போம்" என்று சுருதி கூட்டுகிற அந்த ஐந்து நிமிஷத்திலேயே பிரிட்ஜ் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அப்படி வந்த கிட்டார்களைப் பார்த்திருக்கிறேன்.

ஓவேஷன் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வெடிப்புக்குக் காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஹெலிகாப்டர் செய்துவந்த சார்லஸ் கேமன், தானே கிட்டார் வாசிப்பவர். 1966-ல் அவர் தொடங்கிய கிட்டார் இது. ஹெலிகாப்டரில் அதிர்வை அடக்கப் பாடுபட்ட பொறியாளர்கள், இங்கே அதிர்வை வளர்க்க உட்கார்ந்தார்கள். பின்பக்கத்துக்கும் பக்கவாட்டுக்கும் மரத்துக்குப் பதிலாகக் கிண்ணம் மாதிரி வளைந்த கண்ணாடியிழைக் கலவை. மேலே மட்டும் ஸ்ப்ரூஸ் மரம். 1970-களின் தொடக்கத்தில் பிரிட்ஜிலேயே, தந்திக்கு ஒன்றாக அழுத்தத்தை மின்சாரமாக்கும் ஆறு பியசோ துண்டுகளை வைத்த பிக்கப்பும் வந்தது. மேடையில் மைக் வைத்தால் ஊளையிடுகிற தொல்லை அதனால் பெருமளவு குறைந்தது. அமெரிக்கப் பாடகர் கிளென் கேம்பெல் போன்றவர்கள் கையில் ஏறி அது பிரபலமானது.

மரம் ஈரத்தில் விரியும், வறட்சியில் சுருங்கும். கண்ணாடியிழை அசையாது. மரத்தாலேயே செய்த கிட்டாரில் பக்கங்களும் சேர்ந்து கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். இதில் பலகை மட்டும் தனியாகச் சுருங்கி, விளிம்பில் பிடித்து இழுக்கப்பட்டு, கடைசியில் வெடிக்கிறது. பழைய ஓவேஷன்களில் முன்பலகை வெடிப்பு அடிக்கடி பார்க்கிற விஷயம். அதிலும் நம் ஊர்ப் பரண், மொட்டை மாடிக்கு நேர் கீழே. மே மாதம் அடுப்பு, நவம்பரில் ஈரத்துணி. இதைவிட மோசமான இடம் மூடி நிறுத்திய கார். வெயிலில் உள்ளே ஏறுகிற சூட்டில் பசையே இளகிவிடும்.

வாங்கும்முன் பார்க்க வேண்டியவற்றை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு இரும்பு ஸ்கேலை, நெக்கில், அதாவது கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட் கம்பிகளின் மேல் நீளவாக்கில் வையுங்கள். அதன் முனை பிரிட்ஜின் மேல் விளிம்பை ஒட்டிப் போக வேண்டும். நன்றாகக் கீழே இடித்தால் நெக்கின் கோணம் போய்விட்டது என்று அர்த்தம், செலவு பெரிது. பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிறதா பாருங்கள். செல்போனில் விளக்கைப் போட்டுச் சத்தத் துளை வழியாக உள்ளே வீடியோ எடுங்கள். நம்பர் லேபிள், சட்டங்கள், பழைய பசைக் கறை எல்லாம் தெரியும். விற்பவர் சொல்லும் வருடத்தை நம்பாதீர்கள், லேபிள் நம்பரை வைத்துத் தேடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நினைப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. பிரேசில் ரோஸ்வுட், 1992 ஜூன் முதல், அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில், அதாவது மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. அந்த மரத்தில் செய்த பழைய கிட்டாரைக் காகிதம் இல்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுவந்தால் பறிமுதல் ஆகலாம். அமெரிக்காவின் மார்ட்டின் கிட்டார் கம்பெனி 1969-லேயே அதை விட்டு நம் ஈட்டி மரத்துக்கு மாறிவிட்டது. அதற்கு முந்தைய வருடத்துக் கிட்டார் என்றால் என்ன மரம் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, பெரம்பூர் கிட்டாருக்கு வருவோம்.

வார்னிஷ் வேண்டாம் என்று தம்பியிடம் உறுதியாகச் சொன்னேன். தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு பெரியவர் கொடுத்த 1960-களின் கிட்டாரைப் பளபளப்பாக்கித் தருகிறேன் என்று நானே தேய்த்திருக்கிறேன். தேய்க்கத் தேய்க்கப் பலகை மெலிந்தது, புதுப் பூச்சு கனமாக உட்கார்ந்தது. அவர் ஒரு தடவை மீட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனார். பழைய குரல் அதில் இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அந்தப் பலகையை இனி யாராலும் தடிமனாக்க முடியாது. அதற்குப்பின் பழைய பூச்சு எதையும் நான் தேய்த்து எடுத்ததில்லை.

வெடிப்பில் இருந்த எபாக்ஸிதான் அதிக நேரம் எடுத்தது. விலங்குப் பசையாக இருந்தால் வெந்நீரும் சூடும் கொடுத்தால் இளகிவிடும். எபாக்ஸியைச் சூட்டில் மென்மையாக்கி, ஊசி முனையால் துணுக்குத் துணுக்காகக் கிள்ளி எடுக்க வேண்டும். கூடவே மரநாரும் வரும். மூன்று நாள் ஆனது. வெடிப்பை முதலில் பார்த்தவர் ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால் அது அரை நாள் வேலை. தயவுசெய்து எபாக்ஸி, சூப்பர் குளூ இரண்டையும் கிட்டார் பலகைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். தச்சர்கள் போடும் வெள்ளைப் பசையும் பிரிட்ஜுக்கு ஆகாது. தொடர்ந்து இழுக்கும்போது மெல்ல நகர்ந்துகொடுக்கும்.

மழைக்காலம் எனக்குக் கைகொடுத்தது. ஈரக் காற்றில் பலகை தானே விரிந்து, பத்து நாளில் வெடிப்பின் உதடுகள் ஒட்டிக்கொண்டன. சூடான விலங்குப் பசையை விரலால் அழுத்தி உள்ளே இறக்கினேன். உட்பக்கம் மெல்லிய ஸ்ப்ரூஸ் வில்லைகளை, வெடிப்புக்குக் குறுக்கே அவற்றின் ரேகை ஓடும்படி ஒட்டினேன். முதுகு வளைவாக இருப்பதால் கிளாம்ப் உட்காராது. மேலே ஒன்று, உள்ளே ஒன்று என்று காந்தங்களை வைத்துத்தான் பிடித்துநிறுத்தினேன். அப்புறம் தந்திகள் மேல்முனையில் தாங்கி நிற்கும் நட், ஃப்ரெட் சுத்தம், கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பிக்கு ஒரு கால் திருப்பு. வழக்கமான வேலைகள்.

இப்போது பிக்கப். பியசோ போய்விட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்று தம்பியிடம் சொல்லியிருந்தார்கள். மல்டிமீட்டரை வைத்து ஜாக்கிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தேன். ஜாக்கில் ஷீல்டு வயர் அறுந்திருந்தது. 9 வோல்ட் பேட்டரி ஒழுகி, கிளிப் பச்சை பூத்திருந்தது. ப்ரீஆம்ப்பில் இரண்டு கெப்பாசிட்டர்கள் காய்ந்துபோயிருந்தன. வால்யூமில் தூசி. ஆறு பியசோவும் உயிரோடு இருந்தன! ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் ஒவ்வொரு தந்திக்கும் கீழே லேசாகத் தட்டினேன், ஆறும் ஒரே அளவில் பேசின. பாகங்களுக்கு ஆன செலவு நூறு ரூபாயைத் தொடவில்லை. இதற்காகவா அந்தக் கிண்ணத்தில் செவ்வக ஓட்டை போடச் சொன்னார்கள் என்று எனக்கு ஆற்றவே இல்லை. பேட்டரியைக் கழற்றி வைக்கும் பழக்கம் இருந்திருந்தால் இதில் பாதி வந்திருக்காது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கெடுபிடி. பழுது பார்த்த கிட்டாரை முதன்முதலில் ஆம்ப்பில் சொருகும்முன் பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று பார்ப்பேன். நம் ஊர் மேடைகளில் மூன்றாவது முள்ளை உடைத்துவிட்டுச் சொருகும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஸ்டோன் தி குரோஸ் குழுவின் கிட்டாரிஸ்ட் லெஸ்லி ஹார்வி 1972 மே 3 அன்று வேல்ஸின் ஸ்வான்சீ நகர மேடையில் செத்துப்போனது எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டதால்தான். ஒரு கை தந்தியில், உதடு மைக்கில் என்று நிற்பவர்கள் நாம். மின்கசிவு ஏற்பட்டால் 30 மில்லியாம்ப்பில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு ஸ்விட்ச் இல்லாத இடத்தில் வாசிக்காதீர்கள்.

தம்பி வாங்கிப்போக வந்தபோது வெடிப்பு இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். கோடு தெரிகிறதே, மறைக்க முடியாதா என்று கேட்டார். முடியும், ஆனால் அதற்குச் சுற்றியுள்ள பழைய பூச்சைக் கலைக்க வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இருக்கட்டும்ணா" என்றார். கழற்றிய இரண்டு கெப்பாசிட்டரையும் பச்சை பூத்த கிளிப்பையும் ஒரு சின்னக் கவரில் போட்டு, தேதி எழுதி, கிட்டார் பெட்டியின் உள்ளறையில் வைத்துக் கொடுத்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் அதைத்தான் வாசிக்கிறார். கோடை முடிந்ததும் ஒரு தடவை கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், வெயில் காலத்தில் அந்தக் கோடு அசைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.