ஒரு வேலை, இரண்டு கொட்டேஷன்

100 லிட்டர் கொள்ளளவுள்ள பழைய வாட்டர் ஹீட்டரை மாற்றித் தரும்படி என்னை அழைத்திருந்த ஓர் அம்மையார், நான் தொகையைச் சொல்வதற்கு முன்பே, வேறு இருவரிடம் வாங்கி வைத்திருந்த கொட்டேஷன் தாள்களை எடுத்து என் முன் வைத்தார். ஒன்றின் தொகை மற்றதில் பாதியைச் சற்றே தாண்டியிருந்தது. ஒரே வேலைக்கு இவ்வளவு வித்தியாசம் எப்படி வரும் என்று அவர் கேட்டார். படித்துப் பார்த்தால் அவை ஒரே வேலையைப் பற்றியவையாகவே இல்லை. குறைந்த தொகை கேட்டவர் “பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுதல்” என்று ஒரு வரி எழுதியிருந்தார். மற்றவரோ பாதுகாப்பு வால்வை மாற்றுவது, அதன் வடிகுழாயை வெளியே கொண்டுபோய் விடுவது, இணைப்புகளுக்கு அழுத்தச் சோதனை செய்வது, பழைய தொட்டியை அப்புறப்படுத்துவது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே குறித்திருந்தார்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் பிளம்பர் தொழிலில் இருக்கும் எனக்கு, வாடிக்கையாளர்களுக்கு எங்கள் கணக்கு விளங்காததில் வியப்பில்லை, ஏனெனில் தொடக்கத்தில் எனக்கே அது விளங்கவில்லை. ஆண்டுக்கு 365 நாள், அதில் வார விடுமுறை 52 போக 313 நாள், நாளுக்கு 8 மணி நேரம், ஆக 2,504 மணி நேரம் என்று கணக்குப் போட்டு, குடும்பத்துக்கும் தொழிலுக்கும் ஓராண்டுக்குத் தேவைப்படும் பணத்தை அந்த எண்ணால் வகுத்து, ஒரு மணி நேரக் கூலியை நிர்ணயித்துக்கொண்டேன். நோயாலும் குடும்பக் காரியங்களாலும் பயிற்சியாலும் போகும் 25 நாட்களை நான் நினைத்துப் பார்க்கவில்லை. மீதி 288 நாட்களிலும், வீடு தேடிப் போவது, அளவெடுத்து விலை சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்புவது, உதிரிப்பாகத்துக்காகக் கடை கடையாக ஏறி இறங்குவது, பில் எழுதுவது என்று நாளுக்கு மூன்று மணி நேரம் கரைந்துவிடும். யாரிடமாவது கூலி கேட்கக்கூடிய நேரம் ஐந்து மணி, அதாவது ஆண்டுக்கு 1,440 மணி நேரம்தான். நான் எதிர்பார்த்த வருமானத்தில் 58 சதவீதம்கூடக் கைக்கு வராமல் போனதற்கு என் உழைப்பில் குறை தேடிக்கொண்டிருந்தேன். குறை என் வகுத்தல் கணக்கில் இருந்தது.

கருவிகளின் தேய்மானம், வண்டிச் செலவு, காப்பீடு, உதவியாளரின் சம்பளம், எரிவாயு இணைப்பைத் தொடுவதற்கு உரிமம் கட்டாயமாக இருக்கும் இடங்களில் அதற்கான கட்டணம் ஆகிய எல்லாமே அந்த 1,440 மணி நேரத்துக்குள் அடங்கியாக வேண்டும். நிறுவனம் வைத்திருப்பவருக்கும் தனியாளாக உழைப்பவருக்கும் தொகை மாறலாம், கணக்கின் வடிவம் மாறாது.

பொருள்களின் மேல் நாங்கள் வைக்கும் கூடுதல் தொகைதான் அதிகமாகச் சச்சரவை உண்டாக்குகிறது. கடையில் விசாரித்துவிட்டு வந்து, அதே வால்வுக்கு ஏன் இவ்வளவு என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வால்வைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதும், வாங்கிக் கொண்டுவருவதும், பழுதானால் திரும்ப வந்து மாற்றித் தருவதும் அந்தக் கூடுதல் தொகையில் சேர்ந்தவை. வாடிக்கையாளரே பொருளை வாங்கித் தந்தால் நான் கூலி மட்டுமே கேட்பேன், ஆனால் பொருள் பழுதானால் பொறுப்பு என்னுடையதல்ல என்பதையும் எழுதிக் கொடுத்துவிடுவேன். இளைய பிளம்பர்கள் இங்கே செய்யும் தவறு வேறு விதமானது. 80 செலவாகும் வேலைக்கு 25 சதவீதம் சேர்த்து 100 கேட்கிறவர், தமக்கு 25 சதவீத இலாபம் நிற்பதாக நம்புகிறார். வாங்கும் தொகையில் அது 20 சதவீதம்தான். அந்த நம்பிக்கையில், பேரம் பேசுபவருக்காகப் பத்து சதவீதம் குறைத்துவிட்டால் இலாபத்தில் பாதி போய்விடுகிறது.

மணிக்கணக்கில் வாங்குவதா, மொத்தமாகப் பேசுவதா என்ற கேள்விக்கு என் பதில், சுவருக்குள் என்ன இருக்கிறது என்பது எவ்வளவு தெரியும் என்பதைப் பொறுத்தது. வெளியே தெரியும் குழாயை மாற்றுவதற்கு மொத்தத் தொகையே நேர்மையானது. நான் மெதுவாகச் செய்தால் நட்டம் எனக்குத்தான். சுவருக்குள் எங்கோ கசிவு என்றால், மொத்தத் தொகை கேட்பவர் தமக்குத் தெரியாததற்கும் சேர்த்தே விலை வைத்தாக வேண்டும். அப்படிப்பட்ட இடங்களில், கசிவைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு ஒரு தொகை, கண்டுபிடித்தபின் சரிசெய்ய இன்னொரு தொகை என்று இரண்டாகப் பிரிப்பதே இரு தரப்புக்கும் நல்லது. கோளாறைக் கண்டறிவதற்குக் காசா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பாதி வீடுகளில் கண்டறிவதுதான் வேலையே, வாஷர் மாற்றுவது கடைசி ஐந்து நிமிடம்.

அம்மையாரின் தாளுக்கு வருகிறேன். தொகையைக் குறைக்க வேண்டிய நெருக்கடி வரும்போது யாரும் தொட்டியை மாட்டாமல் விட்டுவிட முடியாது. கண்ணுக்குத் தெரியாத வேலைகள்தான் கைவிடப்படுகின்றன. 10 டிகிரி செல்சியஸில் இருக்கும் தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் கன அளவு ஏறத்தாழ 1.7 சதவீதம் கூடுகிறது, அதாவது 100 லிட்டர் தொட்டியில் ஒன்றரை லிட்டருக்கும் அதிகம். உள்வரும் குழாயில் ஒருவழி வால்வும் இருந்து, குழாய்கள் எல்லாம் மூடியிருந்தால், அந்தத் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லாமல் அழுத்தம் ஏறும். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் பழுதாகிவிட்டால், அழுத்தத்தின் கீழ் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். தொட்டி பிளக்கும் நொடியில் அதில் ஒரு பகுதி நீராவியாகி, தான் நீராக இருந்த அளவைப்போல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மடங்கு விரியும். அதைத் தடுப்பதற்கு இருக்கும் அந்தச் சின்னப் பாதுகாப்பு வால்வு, சொட்டுகிறது என்பதற்காக அடைத்து வைக்கப்பட்டிருந்ததை நான் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் பார்த்திருக்கிறேன். எரிவாயுவில் இயங்கும் கருவியானால் புகை வெளியேறும் வழியைச் சோதிப்பதும் இதே போலத்தான்: கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, அதைச் சோதிக்காமல் போனவரின் பில்லும் சோதித்தவரின் பில்லைவிட அழகாகவே இருக்கும்.

இவற்றையெல்லாம் அந்த அம்மையாரிடம் சுருக்கமாகச் சொல்லி, வால்வு, வடிகுழாய், அழுத்தச் சோதனை, எத்தனை மாதப் பொறுப்பு என்ற நான்கையும் சேர்த்து எழுதித் தரும்படி குறைந்த தொகை கேட்டவரிடம் கேளுங்கள் என்றேன். இரண்டு நாள் கழித்து அவர் தொலைபேசியில் பேசினார். அந்தப் பையன் நான்கையும் எழுதிக் கொடுத்திருந்தான். தொகை ஏறியிருந்தது, என்றாலும் நான் சொன்னதைவிடக் கொஞ்சம் குறைவுதான். வேலையை அவனிடமே கொடுத்துவிட்டதாக அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அழுத்தச் சோதனையின்போது மட்டும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்தேன்.