சம்பளத்தில் பிடித்தாயிற்று, சொசைட்டியில் ஏன் பாக்கி?

தமிழ்நாட்டின் பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கங்கள், அதாவது நம் சொசைட்டிகள், உறுப்பினர் சேமிப்பை மட்டும் வைத்துக் கடன் கொடுப்பதில்லை. பெரும்பாலும் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியில் காசுக்கடன் (வரம்புக்குள் எடுத்துத் திருப்பிக் கட்டும் கடன்) வாங்கி, கொஞ்சம் வட்டி கூட்டி நமக்குத் தருகின்றன. அந்த வித்தியாசத்தில்தான் சங்கம் ஓடுகிறது. வங்கிக்குத் தவணை தவறினால் அபராத வட்டி ஏறும், காசுக்கடன் புதுப்பிப்பு இழுக்கும். அப்புறம் கவுன்டரில் "ஃபண்டு இல்லை, அடுத்த மாதம் வாங்க" என்ற பதில்தான்.

பல இடங்களில் உறுப்பினர் தவறவே இல்லை. வேலை பார்க்கும் இடத்தின் நிர்வாகம் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு, சங்கத்துக்கு அனுப்பாமல் வேறு செலவுக்குத் திருப்பிவிடுகிறது. சம்பளச் சீட்டில் 'சொசைட்டி 6,500' என்று இருக்கும். சங்கப் பேரேட்டில் அந்த மாதம் காலி. பேரேட்டின்படி நீங்கள் தவணை தவறியவர். புதுக் கடன் கிடையாது. ஓய்வு பெறும்போது பாக்கியில்லாச் சான்று வராது. ஜாமீன் போட்டவருக்கும் நோட்டீஸ் போகும். ஆகவே சம்பளச் சீட்டு ஒன்றைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள்.

கேட்கப் போனால் சங்கம் உங்கள் அலுவலகத்தைக் கைகாட்டும். கணக்குப் பிரிவு "அனுப்பியாச்சே" என்னும். வங்கியோ "சங்கம்தான் எங்கள் வாடிக்கையாளர், நீங்கள் இல்லை" என்று முடித்துவிடும். அது உண்மைதான், அங்கே அலைய வேண்டாம்.

சங்கச் செயலாளரிடம் எழுத்தில் கேளுங்கள்: எந்த மாதங்களுக்குக் கேட்புப் பட்டியல் (யாரிடம் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று சங்கம் அலுவலகத்துக்கு அனுப்பும் பட்டியல்) போனது, எவ்வளவு வந்தது, என் கணக்கில் எந்தத் தேதியில் வரவு, வங்கிக்கு நிலுவை எவ்வளவு. ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள். மனுவை வாங்க மறுத்தால் பதிவுத் தபால்.

தகவல் உரிமை மனுவை நேராகச் சங்கத்துக்குப் போடாதீர்கள். கூட்டுறவுச் சங்கம் தானாகவே பொது அதிகார அமைப்பு, அதாவது தகவல் உரிமைச் சட்டத்தில் பதில் சொல்லக் கடமைப்பட்ட அமைப்பு, ஆகிவிடாது என்ற 2013-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டித் திருப்பிவிடுவார்கள். சங்கத்திடமிருந்து கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளர் சட்டப்படி பெறக்கூடிய தகவலை அவரிடம் கேட்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. அந்தப் பாதியை மட்டும் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. மனு உங்கள் சரகத்தின் (பகுதியின்) கூட்டுறவுத் துணைப்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகட்டும். கணக்கில் தகராறு என்றால் 1983 கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 90-வது பிரிவில் பதிவாளரிடமே வழக்குப் போடலாம்.

வைப்புத்தொகை போடுகிறவர்களுக்கு ஒன்று: மத்தியக் கூட்டுறவு வங்கியில் போட்டால் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு, சொசைட்டியில் போட்டால் அது இல்லை. "இரண்டும் ஒன்றுதான் சார்" என்று கவுன்டரில் சொன்னால் நம்பாதீர்கள். கொஞ்சம் வட்டி கூடுதல் என்பதற்காக ஓய்வூதியப் பலன் மொத்தத்தையும் கொண்டுபோய்க் கொட்டும் முன், சங்க உறுப்பினர் பேரவைக் கூட்டத்தில் வைக்கும் தணிக்கை அறிக்கையை வாங்கி, சங்கம் வங்கிக்கு எவ்வளவு பாக்கி, அதில் தவணை கடந்தது எவ்வளவு என்று பாருங்கள்.