பென்டிரைவில் ஓடும் லினக்ஸ் விண்டோஸை ஏன் தொடுவதில்லை?

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. அதிலிருந்து வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இது: "என் கணினியில் விண்டோஸ் 11 ஏறாது. விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட்டைப் பென்டிரைவில் போட்டு ஓட்டிப் பார்க்கச் சொல்கிறார்கள். உள்ளே இருக்கும் ஃபோட்டோக்கள் அழிந்துவிடாதா?"

அழியாது. அதற்கான காரணம் மிக அழகானது.

முதலில் தயாரிப்பு. மின்ட்டின் சினமன் (டெஸ்க்டாப் வகையின் பெயர்) பதிப்பை இறக்குங்கள், சுமார் 2.9 ஜிபி. இறக்கிய கோப்பு முழுதாக வந்ததா என்று அறிய, அதன் எஸ்ஹெச்ஏ256 எண்ணை (கோப்பின் கைரேகை போன்றது) மின்ட் தளத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுவிடுங்கள். பாதியில் கெட்ட கோப்புதான் பல தோல்விகளுக்குக் காரணம். ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் அதை 8 ஜிபி பென்டிரைவில் எழுதுங்கள். பென்டிரைவில் இருந்ததெல்லாம் போய்விடும். இறக்கிய அந்தக் கோப்பை (ஐஎஸ்ஓ) வெறுமனே காப்பி செய்து போட்டால் பூட் ஆகாது, அதாவது கணினி அதிலிருந்து தொடங்காது. கணினியை ஆன் செய்ததும் டெல், லெனோவாவில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9 தட்டினால் பூட் மெனு வரும், அதில் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள்.

சில நிமிடங்களில் முழு டெஸ்க்டாப் கண்முன் நிற்கும். இது எங்கே ஓடுகிறது?

பென்டிரைவுக்குள் மொத்த இயங்குதளமும் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற ஒரே சுருக்கப்பட்ட கோப்பாக இருக்கிறது. அதைப் படிக்கலாம், எழுத முடியாது. ஃபயர்ஃபாக்ஸைத் திறந்தால் அதற்குத் தேவையான பகுதிகள் மட்டும் விரிந்து ராமுக்கு (கணினியின் தற்காலிக நினைவகம்) வரும். அதனால்தான் முதல் முறை திறக்க நேரமாகும். மூடிவிட்டு மறுபடி திறந்தால் சட்டென்று வரும்.

எழுத முடியாத தளத்தில் வால்பேப்பரை மாற்ற முடிகிறதே, எப்படி? இங்கேதான் ஓவர்லேஎஃப்எஸ் வருகிறது. 2014 டிசம்பரில் வந்த லினக்ஸ் கெர்னல் 3.18 முதல் இது கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஓர் அங்கம். தேசப்படத்தின் மேல் கண்ணாடித் தாளை விரித்து எழுதுவது போன்றது. கீழே அசல், மேலே ராமில் ஒரு வெற்று அடுக்கு. பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே படம். ஒரு கோப்பைத் திருத்தினால், கெர்னல் அதை முதலில் மேலடுக்குக்குப் பிரதி எடுத்து, பிரதியைத்தான் திருத்தும். ஒரு கோப்பை அழித்தால் அசல் அப்படியே இருக்கும். மேலடுக்கில் 'இது இல்லை' என்ற குறி மட்டும் விழும். ஆகவே மென்பொருளை நீக்கினாலும் இடம் கூடாது, கொஞ்சம் குறையவே செய்யும்! மின்சாரம் நின்றதும் மேலடுக்கு மறைந்துவிடும். உங்கள் ஹார்ட்டிஸ்க் இந்தக் கணக்கிலேயே இல்லை.

ஒரே எச்சரிக்கை: ஃபைல் மேனேஜரில் ஹார்ட்டிஸ்க்கைக் கிளிக் செய்து திறந்தால் அது அசல். அங்கே அழித்தது அழிந்ததுதான்.

இந்த நிலையிலேயே வைஃபை, ஒலி, வெப்கேம், பிரிண்டர் எல்லாம் சோதித்துவிடுங்கள். வேகத்தை மட்டும் இதை வைத்து எடைபோடாதீர்கள், தடை பென்டிரைவுதான். வைஃபை தெரியாவிட்டால், அது பிராட்காம் சிப்பாக இருக்கலாம்: மின்ட்டை நிறுவிய பின், ஃபோனின் இணையத்தைக் கேபிள் வழியே தரும் யுஎஸ்பி டெதரிங்கில் இணைத்து, டிரைவர் மேனேஜரில் டிரைவரை (சிப்பை இயக்கும் மென்பொருள்) சேர்க்கலாம். ஹார்ட்டிஸ்க்கே தெரியாவிட்டால், பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) சேமிப்பகம் இன்டெல் ஆர்எஸ்டி முறையில் இருக்கக்கூடும், ஏஹெச்சிஐ என்ற முறை தேவை. ஆனால் விண்டோஸையும் வைத்துக்கொள்வதாக இருந்தால், விண்டோஸைத் தயார்செய்யாமல் இதை மாற்றாதீர்கள், அது பூட் ஆகாமல் போகும்.

தமிழ்நாட்டு 11ஆம் வகுப்புக் கணினி அறிவியல் நூலில் உபுண்டு (இன்னொரு லினக்ஸ் வகை) பாடம் உண்டு. பாஸ் லினக்ஸ் என்ற இந்திய லினக்ஸைப் பொதுப்பணத்தில்தான் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கியது. ஆய்வகத்தில் ஒவ்வொரு மாணவர் கையிலும் இப்படி ஒரு பென்டிரைவைக் கொடுக்க ஆகும் செலவு அற்பம். அரசு அதைச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பிடித்துப்போனால் டெஸ்க்டாப்பில் உள்ள 'இன்ஸ்டால்' ஐகான். அதற்கு முன் கோப்புகளை வெளி டிஸ்க்கில் காப்பி எடுங்கள். விண்டோஸில் பிட்லாக்கரையும் (டிஸ்க்கைப் பூட்டும் குறியாக்கம்) ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் நிறுத்துங்கள். பிட்லாக்கர் பூட்டிய பகுதியை மின்ட்டின் இன்ஸ்டாலரால் சுருக்கி இடம் எடுக்க முடியாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருந்தால் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, பாதித் தூக்கத்தில் கிடக்கும். லினக்ஸிலிருந்து அந்தப் பகுதியில் எழுத முடியாது. 'எரேஸ் டிஸ்க்' என்றால் எல்லாம் போகும். 'அலாங்சைட்' என்றால் இரண்டும் இருக்கும். மின்ட்டுக்கு 20 ஜிபி கட்டாயம், 100 ஜிபி நல்லது.

இரண்டையும் வைத்துக்கொண்டால், விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணிநேரம் பின்தங்கிக் காட்டலாம். பழுதில்லை. மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் உலக நேரத்தை எழுதுகிறது; விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று படிக்கிறது.