வேனை இறக்கிப் பெரிய சக்கரம் போடலாமா? சட்டம் அனுமதிப்பதும் தடுப்பதும்

பழைய பயணிகள் வேன் ஒன்றை வாங்கி, பின்னிருக்கைகளை எடுத்துவிட்டு, படுக்கை, அடுப்பு மேடை, தண்ணீர்த் தொட்டி வைத்துக்கொண்டு குடும்பத்தோடு ஊர் ஊராகப் போய்வருகிற சிலரை எனக்குத் தெரியும். கும்பகோணத்துக்காரர் ஒருவர் அண்மையில் கேட்டார்: "வண்டி உயரமாக நிற்கிறது. 2 அங்குலம் இறக்கி, 17 அங்குலச் சக்கரம் போட்டுக்கொண்டால் எஃப்.சி.யில் (தகுதிச் சான்றில்) சிக்கல் வருமா?" நானும் இதே விஷயத்தில் கையைச் சுட்டுக்கொண்டவன். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

நேரான பதில் இதுதான். தயாரிப்பாளர் அமைத்த சஸ்பென்ஷனை, அதாவது வண்டியின் உடலைத் தாங்கும் ஸ்பிரிங், ஷாக் அமைப்பை, இறக்குவதற்கு அனுமதி இல்லை. சக்கரத்தைப் பொறுத்தவரை, உங்கள் மாடலுக்குத் தயாரிப்பாளரே சொல்லியிருக்கும் அளவுகளுக்குள் மாற்றிக்கொள்ளலாம். அதைத் தாண்டக் கூடாது. மாற்றுத்திறனாளிக்காக வண்டியைத் தகவமைப்பதற்குச் சட்டம் தனி வழி வைத்திருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இதற்கெல்லாம் அடிப்படை மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-வது பிரிவு. ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். வண்டியின் அடிப்படைத் தன்மையே மாறும்படி அமைப்பில் செய்யும் மாற்றம்தான் "மாற்றம்" என்று அதே பிரிவு விளக்குகிறது. ஆகவே திரைச்சீலை மாட்டுவதும் பாய் விரிப்பதும் இதில் சேராது. இருக்கைகளைக் கழற்றுவது சேரும். இருக்கை எண்ணிக்கை ஆர்.சி.யில் எழுதப்பட்ட விவரம். பலர் இதைக் கவனிப்பதில்லை. சஸ்பென்ஷனைத் தொடும் முன்பே, வேனைப் படுக்கை வண்டியாக மாற்றியதே ஒப்புதல் பெறாத மாற்றமாக நிற்கும். இத்தகைய வண்டிகளுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்ற தரநிலை தனியாக இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் போக்குவரத்து சாராத வாகன வகையில் வருகிறது. வகையை முறைப்படி மாற்றிக்கொள்ளாவிட்டால், பழைய சுற்றுலா வேன் என்ற பதிவோடுதான் அது சாலையில் ஓடும்.

"உறுதியாகத்தானே செய்திருக்கிறோம், ஏன் கூடாது?" என்ற வாதம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று வந்த தீர்ப்பு, தயாரிப்பாளர் குறித்த மூல விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று அறுதியிட்டது. மற்ற விவரங்களில் வரும் மாற்றங்களை விதிப்படி ஆர்.சி.யில் பதிந்துகொள்ளலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. வண்ணத்தை மாற்றிவிட்டு ஆர்.சி.யில் பதிய முடிவதும், சஸ்பென்ஷனை இறக்கிவிட்டுப் பதிய முடியாததும் இந்த வேறுபாட்டால்தான்.

இறக்குவதில் அப்படி என்ன ஆபத்து என்று கேட்பது நியாயம். சட்டத்துக்காக மட்டும் ஒருவர் ஆசையை விட்டுவிட வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வேன்களில் பின்பக்கம் பெரும்பாலும் பட்டை ஸ்பிரிங். இறக்கித் தருபவர்கள் ஒரு பட்டையை உருவிவிடுவார்கள், அல்லது பட்டை அச்சுக்குக் கீழே இருந்தால் இரண்டுக்கும் நடுவில் இரும்புக் கட்டை கொடுப்பார்கள். முன்பக்கம் சுருள் ஸ்பிரிங் என்றால் ஒரு சுற்றை அறுத்துவிடுவார்கள். பட்டையை உருவினால் வண்டி தாங்கும் எடை குறைகிறது. அறுத்த சுருளோ, சக்கரம் பள்ளத்தில் தொங்கும் நேரத்தில் தன் இருப்பிடத்திலிருந்து விலகிவிடக்கூடும்.

இதைவிடக் கவலைக்குரியது பிரேக். ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகாமல் தடுக்கும் அமைப்பு) இல்லாத பழைய வேன்கள் பலவற்றில் பின் அச்சுக்கும் உடலுக்கும் நடுவில் ஒரு வால்வு இருக்கும். உடல் அச்சை நெருங்கினால் வண்டியில் பாரம் ஏறியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அது பின்சக்கரத்துக்குக் கூடுதல் பிரேக் அழுத்தத்தை அனுப்பும். வண்டியை இறக்கிவிட்டால் அந்த வால்வு எப்போதும் பாரம் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். மழை நனைத்த சாலையில் திடீரென்று பிரேக் பிடித்தால் பின்சக்கரங்கள் முதலில் இறுகி, வண்டியின் வால் பக்கவாட்டில் சுழன்றுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் தஞ்சாவூர் கும்பகோணம் சாலையில் ஓட்டியவருக்கு இதன் அர்த்தம் புரியும்.

படுக்கை வண்டிக்குச் சொந்தப் பாரமும் உண்டு. 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. மரப்பலகை, பேட்டரி, பாத்திரம், மெத்தை எல்லாம் சேர்ந்து அந்த வண்டி எந்நாளும் பாதிப் பாரத்தோடுதான் நிற்கிறது. ஏற்கெனவே அமுங்கியிருக்கும் ஸ்பிரிங்கை மேலும் இறக்கினால் குழியில் விழும்போது அது மேலும் அமுங்க இடமே மிஞ்சாது.

நம் சாலைகளையும் நினைத்துப் பார்க்க வேண்டும். டெல்டாவின் கிராமச் சாலை வாய்க்காலுக்கு வாய்க்கால் ஒரு மதகின் மேல் ஏறி இறங்குகிறது. வெண்ணாறு, அரசலாறு, குடமுருட்டி என்று எந்த ஆற்றுக் கரையில் போனாலும் மதகு மேடு வராமல் இருக்காது. இறக்கிய வண்டி அந்த மேட்டில் வயிற்றைத் தேய்க்கும். தரைப்பாலத்தில் முழங்கால் அளவுகூட இல்லாத தண்ணீர் உள்ளே புகும். தை, மாசியில் சாலை நெடுகிலும் வைக்கோல் கிடக்கும் காலம் இன்னும் மோசம். சைலன்சர் தரையை நெருங்க நெருங்க, அடியில் சிக்கிய வைக்கோல் தீப்பிடிக்கும் வாய்ப்பு கூடுகிறது. உள்ளே படுக்கையும் அடுப்பும் உள்ள வண்டிக்கு அடியில் தீ என்பதை நான் நினைத்துப் பார்க்கவே விரும்பவில்லை.

சக்கரத்துக்கு ஒரு சிறு கணக்கு போதும். டயரின் பக்கவாட்டில் 215/75 ஆர் 15 என்று இருந்தால், அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் 75 சதவீதம், ரிம் 15 அங்குலம் என்று பொருள். கூட்டிப் பார்த்தால் மொத்த விட்டம் 703.5 மில்லிமீட்டர். இதற்குப் பதில் 235/65 ஆர் 17 போட்டால் விட்டம் 737.3. ஏறக்குறைய 4.8 சதவீதம் பெரிது. வேகமானி 80 என்று காட்டும்போது வண்டி கிட்டத்தட்ட 84-இல் ஓடும். வேகமானியைத்தான் ஓட்டுநர் நம்புகிறார். சாலையில் வேகத்தை அளக்கும் காவல்துறைக் கருவியின் கணக்கில் அந்த நம்பிக்கை செல்லாது.

இறக்குவதும் பெரிய சக்கரமும் ஒன்றுக்கொன்று பகை என்பதும் இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. 50 மில்லிமீட்டர் இறக்கி மேற்படி டயரையும் போட்டால், சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளி 67 மில்லிமீட்டர் குறைகிறது. ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து ஒரு பள்ளத்தில் இறங்கினால் டயர் மட்கார்டிலோ பிரேக் குழாயிலோ உராயும். அத்தனை பாடுபட்டும் வண்டியின் உடல் தாழ்வது 33 மில்லிமீட்டர்தான். மீதி 17-ஐப் பெரிய டயரே திரும்பத் தூக்கிவிடுகிறது.

கடையில் எவரும் எடுத்துச் சொல்லாத இன்னொரு எண், டயரின் சுமைக் குறியீடு. 109 என்றால் ஒரு டயர் 1,030 கிலோ தாங்கும். 100 என்றால் 800 கிலோ மட்டும். நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து வித்தியாசம் 920 கிலோ. நெல் கொள்முதல் நிலையத்தில் கட்டும் 40 கிலோ சிப்பத்தில் 23 மூட்டை. காருக்கான பளபளப்பான ரிம்மையும் டயரையும் வேனுக்குப் போடுபவர்கள், வண்டியின் தாங்கும் திறனிலிருந்து அத்தனை மூட்டையைத் தெரியாமல் கழித்துவிடுகிறார்கள்.

உங்களுக்கு எந்த அளவு செல்லும் என்பது வண்டியிலேயே எழுதியிருக்கும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டிய தகட்டிலும், வண்டியோடு வந்த கையேட்டிலும் பாருங்கள். ஒரே மாடலுக்கு 15, 16 என்று இரண்டு அளவைத் தயாரிப்பாளரே கொடுத்திருந்தால் அவற்றுக்குள் மாறலாம். அதே அளவில் இரும்பு ரிம்முக்குப் பதில் அலாய் ரிம் போடுவதிலும் இந்தச் சிக்கல்கள் வராது. போக்குவரத்து வாகனமாகப் பதிவான வேனில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அதன் பதிவு விண்ணப்பத்தில், அதாவது படிவம் 20-இல், டயரின் எண்ணிக்கை, அளவு, பிளை மதிப்பு (டயரின் உறுதியைக் காட்டும் எண்) எல்லாம் தயாரிப்பாளர் அறிவித்தபடியே எழுதப்பட்டிருக்கும். எந்த வண்டியானாலும் டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். தேய்ந்த பின்னும் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது.

மீறினால் என்ன? 2019-இல் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின் 4-வது உட்பிரிவு, அனுமதியற்ற மாற்றம் செய்த உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. "ஒவ்வொரு மாற்றத்துக்கும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். இறக்கியது ஒன்று, சக்கரம் ஒன்று. வண்டி பொதுமக்களுக்கு ஆபத்தான நிலையில் இருக்கிறது என்று கருதினால் பதிவையே இடைநிறுத்த 53-வது பிரிவு அதிகாரம் தருகிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது, இந்த மாற்றத்தை எங்களுக்குத் தெரிவித்தீர்களா என்பதைத்தான். கடனில் இருக்கும் வண்டி என்றால், கடன் கொடுத்தவரின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் தொடவே வேண்டாம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 4 ஆண்டுகளுக்கு முன் திருவாரூர் மாவட்டத்தில் ஒரு பழைய சுற்றுலா வேன் வாங்கினேன். பார்க்க அழகாகத் தாழ்ந்து நின்றது; அதற்காகவே பிடித்துப்போயிற்று. 8 ஆண்டு கடந்த போக்குவரத்து வாகனம் என்பதால் ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். முதல் தடவையே பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, பின்பட்டையில் ஒன்று குறைகிறது, நடுவில் கட்டை இருக்கிறது, டயர் தகட்டில் உள்ள அளவு இல்லை என்று மூன்றையும் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். மாற்றியவர் பழைய உரிமையாளர். பதில் சொல்ல வேண்டியவன் நான். பட்டை, ஷாக், நான்கு டயர் என்று பழைய நிலைக்குக் கொண்டுவர 40,000 ரூபாயைத் தாண்டியது. அன்று அவர் மேல் கோபம் வந்தது. என் அம்மா உட்காரும் வண்டியைத் திருப்பி அனுப்பிய மனிதருக்கு இன்று நன்றி சொல்வேன்.

இனி, அந்தத் தனி வழி. சக்கர நாற்காலியில் இருப்பவர் ஏறி இறங்க வசதியாக வண்டியின் தளத்தைத் தாழ்த்தவோ, சாய்தளம் வைக்கவோ வேண்டியிருந்தால் 52-வது பிரிவின் 2-வது உட்பிரிவு இடம் கொடுக்கிறது. மத்திய அரசு வகுத்த நிபந்தனைகளின்படி வண்டியைத் தகவமைத்துவிட்டு, அதன் பிறகு பதிவு அலுவலகத்தின் ஒப்புதலைப் பெறலாம். முன் ஒப்புதல் இல்லாமல் செய்த மாற்றத்தை 14 நாள்களுக்குள், ஆர்.சி.யோடும் கட்டணத்தோடும், நீங்கள் குடியிருக்கும் பகுதியின் அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். ஒரு கட்டுப்பாடு உண்டு: அந்த வண்டி மாற்றுத்திறனாளி ஒருவராலோ அவருக்காகவோ மட்டுமே பயன்படுத்தப்பட வேண்டும் என்று சட்டம் வரையறுக்கிறது. உண்மையில் தேவைப்படும் குடும்பங்கள் இந்த உரிமையைத் தயங்காமல் கேட்டுப் பெற வேண்டும். வண்டி தாழ்ந்து நிற்க வேண்டும் என்ற ஆசைக்கு இதைப் போர்வையாக்குவது, தேவைப்படுகிறவருக்குச் செய்யும் துரோகம்.

எந்த மாற்றமானாலும் செலவழிக்கும் முன் எழுத்தில் கேளுங்கள். தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று டெல்டாவில் எங்கே பதிவானாலும் சட்டம் ஒன்றுதான். புதுச்சேரி நிர்வாகத்தில் உள்ள காரைக்காலின் பி.ஒய். 02 வண்டிக்கும் இதே 52-வது பிரிவுதான். எல்லை தாண்டினால் சலுகை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விண்ணப்பத்தோடு ஆர்.சி. நகல், காப்பீட்டு நகல், செய்ய விரும்பும் மாற்றத்தின் விவரம், தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள டயர் அளவுப் பக்கம் ஆகியவற்றை இணைத்துக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குச் சான்று வாங்குங்கள். மறுப்பாணை வந்தால் 57-வது பிரிவின்படி, அது கிடைத்த நாளிலிருந்து 30 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

"இது முழுக்கச் சட்டப்படிதான்" என்று சொல்லிக் காசு வாங்கிய கடை மீது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் கையில் ரசீது இருக்க வேண்டும். அதில் "வேலைக் கூலி" என்று மட்டும் போடாமல் என்ன வேலை என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

பழைய வேன் வாங்கப் போகிறவர் விலை பேசும் முன் ஒரு பணிமனையில் வண்டியைத் தூக்கி நிறுத்தச் சொல்லி அடியைப் பார்த்துவிடுவது நல்லது. பின்பட்டைகள் இரண்டு பக்கமும் சம எண்ணிக்கையில் இருக்கின்றனவா, அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் புதிதாகக் கட்டை ஏதும் இருக்கிறதா, சுருளின் முனை அறுபட்டிருக்கிறதா, கதவுத் தகட்டின் எண்ணும் டயரின் எண்ணும் ஒன்றா, ஆர்.சி.யில் எழுதிய இருக்கைகள் உள்ளே இருக்கின்றனவா என்று பார்க்க அரை மணி நேரம்கூட ஆகாது. கும்பகோணத்து நண்பர் அப்படிப் பார்த்துவிட்டு, தகட்டில் உள்ள 15 அங்குல அளவிலேயே நான்கு புது டயர்களுக்குச் சொல்லியிருக்கிறார்.